ஸ்காட்லாந்து ஜாங்கிள் பாப்: கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த ஆல்பங்களை யார் யார் கேட்டீர்கள்?

நிலாமுற்றம்:

ரொம்ப நாளாக இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கிளாஸ்கோ பேண்டுகள் என்று பேச்சை எடுத்தாலே நம் ஆட்கள் 1991, 1996 என்று பின்னால் போய்விடுகிறார்கள். டீனேஜ் ஃபேன்கிளப்பின் 'பேண்ட்வேகனெஸ்க்', பெல் அண்ட் செபாஸ்டியனின் 'டைகர்மில்க்', அதோடு முடிந்தது. அதே ஆட்கள் இப்போதும் ஆல்பம் போடுகிறார்கள், கேட்டுவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் போட மனம் வராத மாதிரி போடுகிறார்கள். 2023 செப்டம்பரில் டீனேஜ் ஃபேன்கிளப்பின் 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபார்எவர்'. 2024 மே மாதம் கேமரா அப்ஸ்க்யூராவின் 'லுக் டு தி ஈஸ்ட், லுக் டு தி வெஸ்ட்'. 2025 மார்ச்சில் எட்வின் காலின்ஸின் 'நேஷன் ஷல் ஸ்பீக் அன்டு நேஷன்', அதே மாதக் கடைசியில் சேக்ரட் பாஸின் 'ஜம்ப் இன்டு லைஃப்'.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: ஜாங்கிள் என்றால் கிட்டாரை இரைச்சலாக முறுக்காமல், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுகிற மாதிரி வாசிப்பது. சலங்கை கட்டிய கால் ஓடி வருகிற மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 1965இல் தி பேர்ட்ஸ் பிரபலமாக்கிய சத்தம்தான், ஆனால் அதை எடுத்துப் பிள்ளை மாதிரி வளர்த்தது ஸ்காட்லாந்துக்காரர்கள்.

எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குத்தான் இழை. இது இளவட்டங்களின் சத்தம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இதைப் பாடுகிறவர்களுக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் எனக்கு இது முழுசாகப் புரிந்தது. கிட்டார் அப்படியே இருபது வயதில் நிற்கிறது. குரலுக்கு மட்டும் வயதாகியிருக்கிறது, அந்தக் குரல் சிலரை இழந்திருக்கிறது, சில வீடுகளைக் காலி செய்திருக்கிறது. இரண்டும் ஒரே பாட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறபோது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபார்எவர்' கேட்டவர்கள் முதலில் சொல்லுங்கள்.

பழைய கேசட்:

கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மாற்றுக் கருத்துக்காரன், மன்னிக்கவும்.

டீனேஜ் ஃபேன்கிளப்பின் பலமே மூன்று பேர் பாட்டு எழுதியதுதான். நார்மன் பிளேக், ரேமண்ட் மெக்கின்லி, ஜெரார்ட் லவ். ஒரு ஆல்பத்தில் மூன்று பேரும் மாறி மாறி வருவார்கள், ஒருவர் சலித்தால் அடுத்தவர் தூக்கிவிடுவார். 2018இல் சுற்றுப்பயணம் பற்றிய கருத்து வேறுபாட்டில் ஜெரார்ட் லவ் விலகினார். 'ஸ்பார்க்கிஸ் டிரீம்' யார் எழுதியது? அவர். 'ஸ்டார் சைன்', 'ஐன்ட் தட் இனஃப்'? அவர்தான். அந்த பேஸ் கிட்டாரும் அவருடைய மெல்லிய குரலும் போன பிறகு எனக்கு அது முக்காலியில் ஒரு கால் போன மாதிரிதான் இருக்கிறது. 1995இல் 'கிராண்ட் பிரிக்ஸ்', 1997இல் 'சாங்ஸ் ஃப்ரம் நார்தர்ன் பிரிட்டன்' இரண்டையும் போட்டுவிட்டு உடனே புதியதைப் போட்டுப் பாருங்கள், வேகம் பாதியாகக் குறைந்திருப்பது தெரியும். வயதுக்கு மரியாதை கொடுக்கலாம், ஆனால் வயதாகிவிட்டது என்பதாலேயே ஒரு ஆல்பத்தை உயர்த்திப் பிடிக்கக் கூடாது.

நிலாமுற்றம்:

நியாயமான கேள்வி. ஜெரார்ட் லவ் இல்லாத குறை எனக்கும் உண்டு, அதை மறைக்கவே மாட்டேன். ஆனால் வேகம் குறைந்ததைக் குறையாகப் பார்க்கிறீர்களே, அங்கேதான் நாம் பிரிகிறோம்.

கடைசிப் பாட்டு 'ஐ வில் லவ் யூ'. ஏழு நிமிடம். மெக்கின்லி எழுதியது. உலகத்தில் வெறுப்பு ஒரு நாள் தீர்ந்துபோகும், அதுவரைக்கும் நான் நேசித்துக்கொண்டே இருப்பேன் என்பதுதான் விஷயம், அதைப் பதறாமல், திரும்பத் திரும்பச் சொல்கிறார். இருபத்தைந்து வயதில் எழுதியிருந்தால் இதையே மூன்று நிமிடத்தில் கத்தி முடித்திருப்பார்கள். அப்புறம் இந்த ஆல்பம் முழுக்க வெளிச்சம் என்ற சொல் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்தீர்களா? 'சீ தி லைட்', 'பேக் டு தி லைட்', 'ஐ லெஃப்ட் எ லைட் ஆன்', தலைப்புகளிலேயே மூன்று. 2021இல் வந்த 'எண்ட்லெஸ் ஆர்கேட்' இருட்டான ஆல்பம், நார்மன் பிளேக்கின் பாட்டுகள் எல்லாம் ஒரு வீடு கலைந்துபோனதைப் பற்றியவை. அதற்குப் பிறகு வந்தது இது. அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், 1997ஐ ஒரு வாரம் ஓரமாக வையுங்கள்.

குளிர்நகரம்:

இழையைப் பார்த்ததும் வேலை ஓடவில்லை. நான் இப்போது கிளாஸ்கோவில்தான் இருக்கிறேன், படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டேன்.

இங்கே கிங்ஸ் கோர்ட் என்று ஒரு இடம், அதில் மோனோ என்கிற சைவ உணவகம், உள்ளே ஒரு பக்கம் மோனோரெயில் என்று இசைத்தட்டுக் கடை. 2002இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் தி பேஸ்டல்ஸ் பேண்டின் ஸ்டீஃபன் மெக்ராபி. யோசித்துப் பாருங்கள், 1986இல் என்.எம்.இ. பத்திரிகை வெளியிட்ட அந்த 'சி86' கேசட்டில் பாட்டு இருக்கிற பேண்டின் பாடகர் தொடங்கிய கடை. அந்த கேசட்டில் பேஸ்டல்ஸ் மட்டுமா, ப்ரைமல் ஸ்க்ரீம், சூப் டிராகன்ஸ், ஷாப் அசிஸ்டென்ட்ஸ், க்ளோஸ் லாப்ஸ்டர்ஸ் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள்.

கேமரா அப்ஸ்க்யூராவின் 'லுக் டு தி ஈஸ்ட்' தட்டை நான் அங்கேதான் வாங்கினேன். மே மாதம், ஆனாலும் மழை, கோட்டில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனேன், தட்டு நனையக் கூடாது என்று இரண்டு பையில் போட்டுக் கொண்டுவந்து, வீட்டில் கைகளை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். முதல் பாட்டு 'லிபர்ட்டி பிரிண்ட்'. ட்ரேஸியான் கேம்பெல் குரல் வந்ததுமே பழைய ஊருக்குத் திரும்பி வந்து தெருமுனையில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பதினோரு வருடம் கழித்து வந்த ஆல்பம் இது, முந்தைய 'டிசையர் லைன்ஸ்' 2013.

ஏன் அவ்வளவு இடைவெளி என்று தெரியாதவர்களுக்கு: கீபோர்டு வாசித்த கேரி லேண்டர் 2015 அக்டோபரில் எலும்புப் புற்றுநோயில் இறந்தார். 33 வயது. அதற்குப் பிறகு பேண்ட் அப்படியே நின்றுவிட்டது. 2019 ஆகஸ்டில் பெல் அண்ட் செபாஸ்டியன் ஒரு கப்பலை எடுத்து மத்தியதரைக் கடலில் இசை விழா நடத்தினார்கள் அல்லவா, அங்கே வாசிக்கக் கூப்பிட்டபோதுதான் இவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள்.

இந்த ஆல்பத்தில் 'சுகர் ஆல்மண்ட்' என்று ஒரு பாட்டு, கேரிக்காக எழுதியது. பியானோவும் குரலும்தான். ஜாங்கிள் இல்லை, டிரம் இல்லை. அவர் வாசித்துவந்தது கீபோர்டு என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். நான் முதல் தடவை கேட்டபோது ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது, பாட்டு முடிந்து ஊசி அடுத்த பாட்டுக்குப் போவதற்குள் எழுந்து நிறுத்திவிட்டேன். அடுத்ததை மறுநாள்தான் கேட்டேன்.

கம்பிக்காரன்:

குளிர்நகரம், அருமை. அந்த ஆல்பத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தயாரிப்பாளர் யாரி ஹாபலைனன், ஸ்வீடன்காரர், 2006இல் 'லெட்ஸ் கெட் அவுட் ஆஃப் திஸ் கன்ட்ரி', 2009இல் 'மை மாட்லின் கரியர்' இரண்டையும் செய்தவர். அந்த இரண்டிலும் வயலின்களும் எக்காளங்களும் கடல் அலை மாதிரி வந்து மோதும். இந்தத் தடவை அது எதுவுமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கிட்டார், பேஸ், டிரம், கீபோர்டு, குரல், அவ்வளவுதான். நகை எல்லாம் கழற்றிவிட்டு நிற்கிற மாதிரி ஒரு ஒலி. 'பிக் லவ்' மாதிரிப் பாட்டில் கொஞ்சம் கன்ட்ரி இசைச் சாயல்கூட வருகிறது.

சரி, கிட்டாருக்கு வருகிறேன், இங்கே எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஜாங்கிள் என்றதும் எல்லோரும் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பி கிட்டாரைச் சொல்வார்கள். அதில் ஆறு ஜோடிக் கம்பி. மேலே இருக்கிற இரண்டு மெல்லிய ஜோடிகளில் இரண்டு கம்பியும் ஒரே சுருதி. மீதி நான்கு ஜோடிகளில் ஒன்று வழக்கமான சுருதி, மற்றது ஒரு ஸ்தாயி மேலே. மற்ற கம்பெனிகளின் பன்னிரண்டு கம்பிக் கிட்டார்களில் கையைக் கீழே இழுக்கும்போது மேல் ஸ்தாயிக் கம்பிதான் முதலில் விரலில் படும். ரிக்கன்பேக்கரில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், தடித்த கம்பி முதலில், மெல்லியது பின்னால். அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் கடைசியாகக் காதில் நிற்பது அந்தக் கூர்மையான மேல் சத்தம். ஒரே ஒரு சாயங்காலம், ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், அந்தக் கிட்டாரை என் கையில் கொடுத்தார்கள். ஒரே ஒரு டி கார்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒரே மீட்டு. அது அடங்குகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. கை எடுக்கவே மனசு வரவில்லை.

ஆனால் ஸ்காட்லாந்து ஜாங்கிளுக்கு அந்த விலை உயர்ந்த கிட்டார் கட்டாயமே இல்லை. ஆரஞ்சு ஜூஸ் என்கிற பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆறு கம்பி, ட்ரெபிள் என்கிற கூர்மையான மேல் சத்தத்தை முழுக்கத் திருப்பி, மணிக்கட்டைத் தளரவிட்டு வேகமாக உரசுவார்கள். ஒரு காதில் தி பேர்ட்ஸ், இன்னொரு காதில் நியூயார்க்கின் சிக் பேண்டின் டிஸ்கோ கிட்டார். ஒழுங்காகச் சுருதி சேராத இடங்கள்கூட இருக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் உயிர் இருக்கிறது. ஆஸ்டெக் கேமரா என்கிற பேண்டின் ரோடி ஃப்ரேம் அதற்கு நேர் எதிர், விரல் சுத்தம். 'ஆப்ளிவியஸ்' பாட்டின் நடுவே அக்வஸ்டிக் கிட்டாரில் ஒரு தனி ஆவர்த்தனம் வரும், 1983இல் 'ஹை லேண்ட், ஹார்ட் ரெயின்' ஆல்பம் வந்தபோது அவருக்கு 19 வயது. 2014க்குப் பிறகு அவரிடமிருந்து புது ஆல்பம் வரவில்லை, வந்தால் நான் முதல் ஆளாக நிற்பேன்.

தேநீர் நேரம்:

அண்ணா, நான் இதில் புதுசு. ஆரஞ்சு ஜூஸ், எட்வின் காலின்ஸ் இரண்டும் ஒன்றா வேறா? எங்கிருந்து தொடங்குவது?

கம்பிக்காரன்:

எட்வின் காலின்ஸ்தான் ஆரஞ்சு ஜூஸின் பாடகர், தம்பி. கிளாஸ்கோவில் ஆலன் ஹார்ன் என்பவரோடு சேர்ந்து 1979இல் போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள், வெஸ்ட் பிரின்சஸ் தெருவில் ஒரு குடியிருப்புதான் அலுவலகம். மேளம் அடிக்கும் பூனைதான் முத்திரை. 'தி சவுண்ட் ஆஃப் யங் ஸ்காட்லாந்து' என்று போட்டுக்கொண்டார்கள், அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் தன்னைப் பற்றிச் சொன்ன வாசகத்தை மாற்றி வைத்தது. ஆரஞ்சு ஜூஸ், எடின்பரோவின் ஜோசஃப் கே, ஆஸ்டெக் கேமரா, ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த கோ-பிட்வீன்ஸ், இவைதான் அதன் பேண்டுகள். 1981லேயே கடை மூடியாயிற்று. இரண்டே வருடம், கையில் எண்ணிவிடக்கூடிய தட்டுகள், அதன் நிழலில்தான் இங்கே நாம் பேசுகிற எல்லோரும் வளர்ந்தார்கள்.

முதலில் 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்' கேள், 1980. அடுத்து 'ரிப் இட் அப்', 1983இல் பிரிட்டன் பட்டியலில் எட்டாவது இடம் வரை போனது. அப்புறம் நேராக 2025க்குத் தாவு.

மருதாணி:

2025க்குத் தாவு என்று கம்பிக்காரன் சொன்னதால் வருகிறேன். நடுவில் நடந்ததைத் தெரிந்துகொண்டு தாவ வேண்டும்.

நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களோடு பதினான்கு வருடமாக வேலை. எட்வின் காலின்ஸை நான் இசை வழியாகத் தெரிந்துகொள்ளவில்லை, என் தொழில் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். 2005இல் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. வலது பக்கம் செயலிழந்தது, பேச்சு போயிற்று. ஆரம்ப மாதங்களில் அவரிடம் மிஞ்சியிருந்தவை ஆம், இல்லை, மனைவியின் பெயரான கிரேஸ் மேக்ஸ்வெல், அப்புறம் சாத்தியங்களுக்கு முடிவே இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம். அவ்வளவுதான். எங்கள் துறையில் இது தெரிந்த விஷயம், சொற்கள் எல்லாம் போன பிறகும் சிலருக்கு ஒரு பெயரோ ஒரு வாக்கியமோ மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவர்கள் சொல்ல நினைப்பது வேறாக இருக்கும், வாயில் வருவது அதுவாகவே இருக்கும். எங்களிடம் வருகிற ஒரு பெரியவருக்குத் தன் சைக்கிள் கடையில் தினமும் சொன்ன 'காத்து போதுமா' மட்டும்தான் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், மகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் அதுதான்.

வலது கை விளங்காததால் காலின்ஸால் கிட்டார் கம்பியை மீட்ட முடியாது. இடது கையால் கார்டு பிடிப்பார், மனைவி கம்பியை மீட்டுவார். ஒரு கிட்டார், இரண்டு பேர். அதே இடது கையால் பறவைகளை வரையப் பழகினார். 2010இல் வந்த 'லூசிங் ஸ்லீப்' உறையில் இருக்கிற பறவைகள் அவர் வரைந்தவை.

பிறகு ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஹெல்ம்ஸ்டேல் என்ற ஊருக்குக் குடிபோய், கடலைப் பார்த்த மலைச்சரிவில் க்ளாஷ்நாரோ என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். அவருடைய தாத்தா பாட்டி வாழ்ந்த ஊர் அது. 2019இல் வந்த ஆல்பத்துக்கு 'பேட்பே' என்று பெயர் வைத்தார், அது பக்கத்தில் இருக்கிற பாழடைந்த கிராமம். நிலப்பிரபுக்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை விரட்டியபோது அவர்கள் போய் ஒண்டிய மலை முகடு. காற்றில் குழந்தைகள் கடலில் விழுந்துவிடாமல் இருக்கக் கயிற்றால் கட்டி வைப்பார்களாம், அப்படி ஒரு இடம்.

'நேஷன் ஷல் ஸ்பீக் அன்டு நேஷன்' அதற்கு அடுத்தது. பிபிசியின் பழைய இலச்சினை வாசகத்தை ஒட்டிய தலைப்பு, அதில் அமைதி என்ற சொல் மட்டும் இல்லை. ஒரு நாட்டோடு இன்னொரு நாடு பேசட்டும் என்று, பேச்சையே இழந்து மீட்டவர் தன் ஆல்பத்துக்குப் பெயர் வைக்கிறார். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் பாடும்போது சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது கேட்கும். பேசும்போது தடுமாறுகிறவர் பாடும்போது சரளமாக வருவார், மெட்டு அவரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகும். 'தி மவுண்டன்ஸ் ஆர் மை ஹோம்' பாட்டை எங்கள் பயிற்சி அறையில் போட்டுக் காட்டினேன், மொழி தெரியாத அந்தப் பெரியவர் முடிகிற வரைக்கும் விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், இடது கை விரலால்.

2025 இலையுதிர் காலத்தில் பிரிட்டனில் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்துத்தான் மேடைக்குப் போனார்.

நிலாமுற்றம்:

மருதாணி அக்கா, இதைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தை மறுபடி முதலில் இருந்து போட்டேன். 'நாலெட்ஜ்' பாட்டை இதுவரைக்கும் சும்மா நல்ல பாட்டு என்று கடந்துபோயிருக்கிறேன்.

ஒரு சின்ன இணைப்பு: கேமரா அப்ஸ்க்யூரா நின்றுபோயிருந்த காலத்தில் ட்ரேஸியான் கேம்பெல், டேனி காஃப்லன் என்பவரோடு சேர்ந்து 2018இல் 'ட்ரேஸியான் அண்ட் டேனி' என்று ஒரு ஆல்பம் போட்டார். பதிவு செய்தது அதே ஹெல்ம்ஸ்டேல் கூடத்தில், தயாரிப்பில் எட்வின் காலின்ஸ். அதில் 'அலபாமா' என்ற பாட்டு கேரி லேண்டரை நினைத்து எழுதியது. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் வீட்டில் இடம் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பழைய கேசட்:

காலின்ஸ் பற்றி நான் ஒரு வார்த்தை எதிராகச் சொல்ல மாட்டேன். மருதாணி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் இந்தப் பட்டியலில் பெல் அண்ட் செபாஸ்டியனைச் சேர்க்கப் போகிறீர்களா? 2023 ஜனவரியில் வந்த 'லேட் டெவலப்பர்ஸ்' எனக்கு ஏமாற்றம். 'ஐ டோன்ட் நோ வாட் யூ சீ இன் மீ' என்று ஒரு பாட்டு, முழுக்க சிந்தசைசர், வூ ஓ என்கிற கிளாஸ்கோ மின்னிசைக்காரரோடு சேர்ந்து எழுதியது. 1996இல் ஸ்டோ கல்லூரியின் இசைத்தொழில் வகுப்பு வழியாக ஆயிரம் தட்டு மட்டும் அடித்து 'டைகர்மில்க்' போட்ட அந்த பேண்டா இது? பக்கத்து அறையில் யாரோ தனக்காகப் பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும் அந்த ஆல்பம்.

குளிர்நகரம்:

அண்ணே, அந்த ஒரு பாட்டை வைத்து முழு ஆல்பத்தையும் ஒதுக்காதீர்கள். அது எப்படி வந்தது என்று பாருங்கள். 2020 வசந்த காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் போய்ப் பதிவு செய்வதாக இருந்தது, கொரோனா வந்து எல்லாம் நின்றது. கடைசியில் கிளாஸ்கோவில் தாங்கள் ஒத்திகை பார்க்கிற இடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டார்கள். 2000க்குப் பிறகு சொந்த ஊரில் முழு ஆல்பம் செய்தது அப்போதுதான். அதில் இருந்து 2022 மே மாதம் 'எ பிட் ஆஃப் ப்ரீவியஸ்' வந்தது, அதே பதிவுகளில் மிஞ்சியதுதான் 'லேட் டெவலப்பர்ஸ்', அறிவித்த சில நாளிலேயே வெளியிட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்த வேலை. எனக்கு அதில் அந்த நிம்மதி கேட்கிறது.

ஆனால் ஜாங்கிள் ஆல்பமா என்று கேட்டால் இல்லைதான், அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

வடதுருவ வாழை:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். டீனேஜ் ஃபேன்கிளப் பற்றிக் கதைக்கும்போது எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, நார்மன் பிளேக் கொஞ்சக் காலம் இங்கே ஒன்ராறியோவில்தான் குடும்பமாக இருந்தவர்.

நீங்கள் எல்லோரும் பெரிய பெயர்களையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தி ஆர்க்கிட்ஸ் என்று ஒரு பேண்ட், கிளாஸ்கோவின் தென்மேற்கே பெனிலி என்ற பகுதியில் இருந்து வந்தவர்கள். பிரிஸ்டலில் சாரா ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் 1987இல் தொடங்கியபோது அதன் இரண்டாவது வெளியீடே இவர்களுடையதுதான். அந்த நிறுவனம் நூறு வெளியீடு முடிந்ததும் 1995இல் தானே நிறுத்திக்கொண்டது. ஆர்க்கிட்ஸ் நிறுத்தவில்லை. 2022இல் 'டிரீமிங் கைண்ட்' என்று ஒரு ஆல்பம், ஸ்கெப் வாக்ஸ் என்ற நிறுவனத்தின் வெளியீடு. ஜேம்ஸ் ஹாக்கெட் குரல் அதே மெல்லிசாக, காதுக்குள் இரகசியம் சொல்கிற மாதிரி. இங்கே பனி கொட்டுகிற நாளில் பஸ்ஸில் அதைத்தான் கேட்டுக்கொண்டு போவேன்.

சின்ன நிறுவனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாஸ்ட் நைட் ஃப்ரம் கிளாஸ்கோ என்று 2016இல் தொடங்கிய ஒன்று, உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், அந்தப் பணத்தில் தட்டு அடிப்பார்கள், இலாபம் நோக்கம் இல்லை. 2023இல் தி புளூபெல்ஸ் மறுபடி ஆல்பம் போட்டது இவர்களோடுதான். எங்கள் ஊர்ச் சங்கங்கள் புத்தகம் போடுகிற மாதிரித்தான் எனக்கு அது தெரிகிறது. பிஎம்எக்ஸ் பேண்டிட்ஸின் 'டிரீமர்ஸ் ஆன் தி ரன்' 2024இல் வந்தது, அது வேறு நிறுவனம். கிட்டார் கிணுகிணுப்பு அதில் குறைவு, வாத்தியங்கள் நிறைய, ஆனாலும் டக்ளஸ் ஸ்டூவர்ட் நெஞ்சில் இருப்பதை அப்படியே பாடுகிறவர், விடாமல் கேளுங்கள்.

தேநீர் நேரம்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். ஆனால் எல்லோரும் ஐம்பது வயது தாண்டியவர்களாக இருக்கிறார்களே, இளம் ஆட்கள் யாரும் இல்லையா?

கம்பிக்காரன்:

இருக்கிறார்கள். சேக்ரட் பாஸ் கேள். ரே ஆக்ஸ் கிட்டார், ஐலி ராட்ஜர்ஸ் டிரம், இருவரும் பாடுவார்கள். 2017இல் 'ஸ்ட்ரைக் எ மேட்ச்' ஆல்பத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த ஸ்காட்லாந்து ஆல்பம் விருது கிடைத்தது.

அந்தக் கிட்டாரைக் கவனி. இது தி பேர்ட்ஸ் வழி வந்த ஜாங்கிள் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க ஹைலைஃப் இசையில் வருகிற மாதிரி, ஒற்றைக் கம்பிகளில் சின்னச் சின்னச் சுருள்கள், ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் டிரம் நடக்காமல் ஓடுகிறது. மீட்டுகிற கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து மினுங்கும், இதில் ஒரு கம்பிதான், ஆனால் நிற்காமல் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஜாங்கிள் என்ற சொல்லுக்குள் இதைச் சேர்க்கலாமா என்று சிலர் சண்டை போடுவார்கள். என் காது சேர்த்துவிட்டது.

'ஜம்ப் இன்டு லைஃப்' ஆறு வருடம் கழித்து வந்த ஆல்பம், முந்தையது 2019. கேட்டால் உட்கார முடியாது. அதோடு போஸ்டர் பெயின்ட்ஸ், 2022இல் அதே பெயரில் ஒரு ஆல்பம் போட்டார்கள், கார்லா ஜே. ஈஸ்டனும் சைமன் லிடெலும். அதையும் சேர்த்துக்கொள்.

பழைய கேசட்:

நிலாமுற்றம் சொன்னபடி ஒரு வாரம் 1997ஐ ஓரமாக வைத்தேன். முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

டீனேஜ் ஃபேன்கிளப் விஷயத்தில் நான் மாறவில்லை. 'எண்ட்லெஸ் ஆர்கேட்', 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபார்எவர்' இரண்டையும் வரிசையாக நாலு தடவை கேட்டேன், 'ஐ வில் லவ் யூ' பெரிய பாட்டு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது குரல் வரும் வரும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. அது நான் இருபத்தைந்து வருடம் கேட்ட பழக்கம், அதை ஒரு வாரத்தில் கழற்ற முடியவில்லை.

என்னை ஆச்சரியப்படுத்தியது சேக்ரட் பாஸ். நான் கேட்டே இருக்க மாட்டேன், கம்பிக்காரன் தம்பிக்கு எழுதியதைப் படித்துத்தான் போட்டேன். சமையலறையில் என் மகள் சட்டினி அரைத்துக்கொண்டிருந்தாள், மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து யார் இது என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் என் பாட்டுக்காக அவள் மிக்ஸியை நிறுத்தியது இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ஆல்பம் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே கேட்டோம், சட்டினி அப்படியே கிடந்தது.

குளிர்நகரம்:

மகளுக்கு 'ஸ்ட்ரைக் எ மேட்ச்' தட்டு வேண்டுமானால் சொல்லுங்கள் அண்ணே, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், மோனோரெயிலில் பார்த்து எடுத்து வருகிறேன். நனையாமல்.

கம்பிக்காரன்:

நான் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய பன்னிரண்டு கம்பி அக்வஸ்டிக் வாங்கினேன், ரிக்கன்பேக்கர் எல்லாம் இல்லை, கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது. 'பேக் டு தி லைட்' பாட்டைப் பழகலாம் என்று புதுக் கம்பி போட்டு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டில் மிக மெல்லியது மூன்றாவது ஜோடியின் மேல் ஸ்தாயி ஜி கம்பி, ஆயிரத்தில் எட்டு அங்குலம்தான் தடிமன், முதல் கம்பியைவிட மெலிசு. சுருதிக்கு ஒரு முடி அளவு பாக்கி இருக்கும்போது அறுந்து மணிக்கட்டில் கோடு போட்டுவிட்டது. இந்தக் கிட்டாரில் அந்தக் கம்பிதான் முதலில் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

சரி என்று பதினோரு கம்பியில் வாசித்துப் பார்த்தேன். கார்டு இறங்கி வருகிறது, மூன்றாவது ஜோடியிடம் வரும்போது மட்டும் மினுக்கம் இல்லாமல் வெறும் ஜி, திரும்ப அடுத்த ஜோடியில் மினுக்கம். அந்த ஒரு இழை எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் காதில் விழுகிறது. பழைய கேசட், நீங்கள் மூன்றாவது குரலுக்குக் காத்திருந்ததாகச் சொன்னது அப்போது எனக்கு நன்றாகப் புரிந்தது.

புதுக் கம்பி வியாழக்கிழமை வருகிறது. இந்தத் தடவை ஒரு சுருதி இறக்கித்தான் கட்டப் போகிறேன். பதிவு செய்து இங்கேயே போடுகிறேன்.